பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுருங்கும் வழி

2026 ஜனவரி 1 முதல், பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர், ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் பி2 அளவுக்குப் பிரெஞ்சு தெரிந்தவராக இருக்க வேண்டும். அதுவரை பி1 போதுமானதாக இருந்தது. பாரிஸில் இது ஒரு நாள் செய்தியாகப் போய்விட்டது. புதுச்சேரியில் அப்படி இல்லை. பிரெஞ்சு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் வீடுகளிலும், பேரப்பிள்ளையின் படிப்பை அங்கே வைப்பதா இங்கே வைப்பதா என்று யோசிக்கும் வீடுகளிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு வாதத்துக்கு இது புது வேகம் தந்திருக்கிறது. பாரிஸின் புறநகர்களான சார்செல், லா கூர்னவ் பக்கம் குடியிருக்கும் உறவினர்கள் "பிரான்ஸ் முன்ன மாதிரி இல்லை" என்கிறார்கள். "அப்படியானால் ஏன் திரும்பி வரவில்லை?" என்று இங்கிருப்பவர்கள் கேட்கிறார்கள். வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த வாதத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் வாழ்க்கை சில வகைகளில் உண்மையாகவே கடினமாகியிருக்கிறது. சில வகைகளில் இல்லை. ஆனால் புதுச்சேரிக் குடும்பங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட வேகமாகத் தேய்ந்துவருவது வேறொன்று. அங்கேயும் இங்கேயுமாக வாழ முடிந்த வசதி அது. மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பங்கள் தங்கள் வாழ்க்கைத் திட்டத்தை அதன் மேல்தான் கட்டியிருக்கின்றன.

பாஸ்போர்ட்டோடு போனவர்கள்

புதுச்சேரித் தமிழர் பிரான்ஸுக்குப் போன வழி, மற்றவர்கள் போன வழியல்ல. 1881-ஆம் ஆண்டு ஆணையைப் பயன்படுத்தி, சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் ஒரு கிளை. பிரெஞ்சுப் படையிலும் சைகோன் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள் இன்னொரு கிளை. படையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களை இந்த ஊர் 'சொல்தா' என்று இன்றும் அழைக்கிறது. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதைச் சட்டப்படி உறுதிசெய்ய இரு நாடுகளும் 1956 மே 28-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அப்போது வெளிநாட்டில் இருந்ததால் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தவர்கள் தனி.

1980-களில் போர் துரத்தி பாரிஸின் லா ஷாப்பெல் பகுதிக்கு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர், அகதித் தஞ்சம் கேட்டு ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து நிலைபெற்றவர்கள். புதுச்சேரிக்காரர் கையில் பாஸ்போர்ட்டோடு இறங்கியவர். அதனால் அவருடைய வாழ்க்கைத் திட்டமும் வேறாக இருந்தது. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிரான்சேயில் பிள்ளை படிக்கும். வயது வந்ததும் வேலைக்கோ படைக்கோ பிரான்ஸ் போகும். விடுமுறைக்கு வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொள்ளும். சம்பாதித்ததில் முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ஒரு வீடு கட்டும். பென்சன் வாங்கியதும் ஊருக்குத் திரும்பும். இந்தத் திட்டத்தில் பிரான்ஸ் நல்ல நாடா கெட்ட நாடா என்ற கேள்விக்கே பெரிய இடமில்லை. உழைக்கும் காலத்தை அங்கேயும் மிச்சத்தை இங்கேயும் கழிக்க முடியும் என்ற உறுதி இருந்தது. இன்று ஆட்டம் காண்பது அந்த உறுதி.

பணமும் உடம்பும்

முதலில், குறை சொல்பவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸில் விலைவாசி 2022-இல் 5.2 சதவீதமும் 2023-இல் 4.9 சதவீதமும் உயர்ந்தது. உணவுப் பொருள்களின் விலை 2023 மார்ச்சில், முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஏற்றத்தின் வேகம் பிறகு தணிந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. குறைந்தபட்ச ஊதியமான 'ஸ்மிக்' விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே சம்பளம் வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. விளைவாக, 2023 ஜனவரியில் தனியார் துறை ஊழியர்களில் 17 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஸ்மிக் மட்டத்தில் இருந்தார்கள். பல ஆண்டு உழைத்து ஸ்மிக்கைவிட நூறு, இருநூறு யூரோ மேலே வந்தவர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பக்கத்திலேயே திரும்ப வந்து நிற்கிறார். விமான நிலையம், செக்யூரிட்டி, மருத்துவமனை உதவிப் பணி, சூப்பர் மார்க்கெட் என்று நம்மவர்கள் பலர் இருக்கும் வேலைகள் இந்த மட்டத்தைச் சேர்ந்தவை. "சம்பளம் ஏறுது, கையில் நிற்கலை" என்று அவர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை.

வறுமைக் கணக்கும் அதையே சொல்கிறது. பிரெஞ்சு தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்ஸேயின் கணக்குப்படி 2023-இல் 98 லட்சம் பேர், அதாவது மக்களில் 15.4 சதவீதம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 1996-இல் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இதுவே மிக அதிகம். மலிவு வாடகை அரசு வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் 27 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகப் போகும் இளம் தம்பதிக்கு, வீடு கிடைப்பதே முதல் சில ஆண்டுகளின் முழுநேரக் கவலையாகிவிடுகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 2015-இல் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்த வேலையின்மை, 2023-இல் 7-ஐ ஒட்டி இறங்கியது. பிறகு சற்று ஏறினாலும் பழைய உச்சத்தைத் தொடவில்லை. பெண்களின் சராசரி ஆயுள் 2024-இல் 85.6 ஆண்டு. ஆனால் அதே நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 3.5 ஆக இருந்த சிசு மரணம், 2011-க்கும் 2024-க்கும் இடையில் 4.1 ஆக ஏறியிருக்கிறது. செல்வமும் மருத்துவமும் நிறைந்த நாட்டில் இது சிறிய விஷயமே இல்லை. "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒரு கணக்கு உண்டு. யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த 2002 தொடக்கத்தில் ஒரு யூரோ சுமார் 43 ரூபாய். 2025-இல் அது 100 ரூபாயைத் தாண்டியது. "இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதே, அங்கிருப்பவர்களுக்கு என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதே காலத்தில் நம் நாட்டு விலைவாசி ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. புதுச்சேரியில் மனை விலை அதையும் மிஞ்சியிருக்கிறது. பென்சனில் அங்கே ஆண்டுதோறும் கிடைத்த சிறு உயர்வுகளைச் சேர்த்துக்கொண்டாலும், பிரான்ஸிலிருந்து வரும் பென்சன் இந்த ஊரில் வாங்கித் தரும் பொருள் கூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. பிரான்ஸில் சம்பாதித்துப் புதுச்சேரியில் செலவழித்தால் ராஜ வாழ்க்கை என்ற பழைய கணக்கு, பிரான்ஸ் ஏழையானதால் மட்டுமே கலையவில்லை. இங்கே விலையும் வாழ்க்கையும் உயர்ந்ததும் அதே அளவுக்குக் காரணம்.

பேரைப் பார்த்து அளக்கும் அரசியல்

பணத்துக்கு அடுத்துச் சொல்லப்படுவது மரியாதை. இன்ஸேயும் பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், தாங்கள் பாகுபாட்டுக்கு உள்ளானதாகச் சொன்ன 18 முதல் 49 வயது வரையிலானோர் 2008-09-இல் 14 சதவீதம். 2019-20-இல் 18 சதவீதம். பாகுபாடு கூடவில்லை, அதை உணர்ந்து பெயர் சொல்லும் துணிவுதான் கூடியிருக்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். முதல் தலைமுறை தன் நிலையைப் புதுச்சேரியில் விட்டுவந்த நிலையோடு ஒப்பிட்டது. அதனால் பலவற்றைப் பொறுத்துக்கொண்டது. அங்கேயே பிறந்த பிள்ளை, தன்னோடு ஒரே வகுப்பில் படித்தவருக்குக் கிடைத்த வேலையோடு ஒப்பிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு 'தாத்தா காலத்தைவிட எவ்வளவோ மேல்' என்று சொல்லும் ஆறுதல் எந்த வகையிலும் பதிலாகாது.

அரசியல் மாறியிருப்பதையும் மறைக்க முடியாது. 2022 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தீவிர வலதுசாரியான மரின் லெ பென் 41 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். 2024 ஜூன் 30-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் அவருடைய தேசிய அணிக் கட்சிக்கும் அதன் துணைகளுக்கும் வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைச் சில முக்கிய அரசுப் பதவிகளிலிருந்து விலக்கி வைப்போம் என்று அந்தப் பிரச்சாரத்தில் அக்கட்சி பேசியது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சுக் குடியுரிமை மட்டுமே உடையவர். சட்டப்படி அந்தப் பேச்சு அவரைத் தொடாது. ஆனால் விண்ணப்பத்தில் இருக்கும் பேரைப் பார்த்து முடிவெடுப்பவர் அந்த வேறுபாட்டை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். 1962-இல் விரும்பி, எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்த ஒருவரின் பேத்தி, தன் விசுவாசத்தை இன்னொரு முறை நிரூபிக்க வேண்டிவருவது பெரிய அநீதி.

எங்கே உண்மையில் இறுகுகிறது

இதுவரை சொன்ன துன்பங்கள் பிரான்ஸில் வாழும் பலருக்கும் பொதுவானவை. புதுச்சேரிக்காரர்களைத் தனியாகத் தாக்குவது, கவனிக்கப்படாமல் மாறிவரும் விதிகள். பிரான்ஸில் 65 வயதைக் கடந்து போதிய பென்சன் இல்லாதவருக்கு அரசு தரும் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. 2025-இல் தனி நபருக்கு அது மாதம் 1,034 யூரோ வரை. இதைப் பெற ஆண்டில் ஆறு மாதம் பிரான்ஸில் இருந்தால் போதும் என்றிருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் அது ஒன்பது மாதம். ஸ்மிக் வேலையிலும் இடையிடையே வேலையில்லாமலும் காலம் தள்ளியவர்களுக்கு இந்தத் தொகைதான் முதுமையின் ஆதாரம். குளிர்காலம் முழுவதும் புதுச்சேரியில், கோடையில் பிள்ளைகளோடு பாரிஸில் என்று ஆண்டைப் பாதியாகப் பிரித்து வாழ்ந்தவர், இப்போது மூன்று மாதத்தில் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் தொகை நிற்கும். வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதமும் வரும். ஒரே ஒரு எண் மாறியது. ஒரு தலைமுறையின் முதுமைத் திட்டம் உடைந்தது.

மருத்துவமும் அப்படித்தான். வெளிநாட்டில் குடியிருக்கும் பென்சன்தாரர், தற்காலிகமாகப் பிரான்ஸ் வரும்போது அங்குள்ள மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை பெற, குறைந்தது 15 ஆண்டு அங்கே பென்சனுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற விதி 2019-இல் வந்தது. ஏற்கெனவே பென்சன் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் சலுகை உண்டு. மற்றவர்களில், தாமதமாகப் போய்க் குறைந்த காலம் உழைத்தவர் ஊருக்குத் திரும்பினால், பெரிய நோய்க்குப் பாரிஸ் மருத்துவமனையை நம்ப முடியாது.

குடியுரிமையின் கதை இன்னும் கடுமையானது. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 30-3 பிரிவு, அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே வாழ்ந்த வம்சத்தில் பிறந்து, தானும் தன் தாயோ தகப்பனோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லாதவர், பிறப்பு வழியாகத் தான் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபிக்கும் வாய்ப்பையே மூடிவிடுகிறது. 1962-லிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டு 2012-லேயே முடிந்துவிட்டது. தூதரகத்தில் பதியாமல், பாஸ்போர்ட் எடுக்காமல், 'காகிதம் எங்கே போய்விடும்' என்று இருந்துவிட்ட குடும்பங்கள் பல இதில் சிக்கிக்கொண்டன. இப்போது கல்யாண வழியும் குறுகியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து போகும் மணமகளுக்குப் பலாண்டுக் குடியிருப்பு அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று ஒவ்வொரு படியும் உயர்ந்துவிட்டது. விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறிவிட்டன. அந்த இணைய முறை வெளிநாட்டவரின் உரிமைகளைப் பறிகொடுக்கச் செய்கிறது என்று பிரான்ஸின் உரிமைப் பாதுகாவலர் அமைப்பே 2024 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது.

இந்தியப் பக்கமும் கதவு முழுதாகத் திறந்திருக்கவில்லை. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவருக்கும், அவருடைய கொள்ளுப் பேரப்பிள்ளை வரையிலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை கிடைக்கும். அதற்கு அடுத்த தலைமுறைக்கு வெறும் விசாதான். அட்டை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. இதற்கிடையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் போலி அதிகாரப் பத்திரங்களால் கைமாறிய வழக்குகள் புதுச்சேரி காவல் நிலையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் புதியவை அல்ல.

"இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் திரும்பவில்லை" என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்ல முடியும். திரும்புவதற்கான வழியே சுருங்கிவிட்டது என்பதுதான் விடை. திரும்பினால் உதவித்தொகை போகும், மருத்துவம் போகும், பேரப்பிள்ளையின் காகிதம் சிக்கலாகும். அங்கேயே இருப்பதை மனநிறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. அதே போல, குறை சொல்வதை மட்டும் வைத்து நாடே அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. பள்ளியும் மருத்துவமும் வேலைச் சட்டமும் தரும் பாதுகாப்பை அங்கிருப்பவர்கள் அறிந்தே பற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு மறுப்பும் உண்டு. உதவித்தொகை பிரெஞ்சு வரிப்பணம். அது பிரான்ஸில் வாழ்பவருக்கே போக வேண்டும் என்பது நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் ஆறு மாத விதியும் அந்த நியாயத்தைக் காத்தது. வாழ்நாள் முழுவதும் அங்கே உழைத்தவர் ஆண்டில் பாதியைத் தன் ஊரில் கழிப்பதை மோசடியாகப் பார்ப்பதில் நியாயம் எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்

பெண்ணையோ பையனையோ பிரான்ஸுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடுகள், நகைக்கும் மண்டபத்துக்கும் முன்பாக மொழிக்குச் செலவிட வேண்டும். பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இந்த ஊரில் இருக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஏ2 வரை இங்கேயே முடித்துவிட்டுப் போகிறவருக்கு, அங்கே வேலையும் அட்டையும் கிடைக்கும் வேகமே வேறாக இருக்கும்.

ஊர் திரும்ப நினைப்பவர்கள் பாரிஸ் வீட்டை விடுவதற்கு முன், தங்களுக்கு வருவதில் எது சந்தா கட்டிப் பெற்ற பென்சன், எது உதவித்தொகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது புதுச்சேரிக்கும் வரும்; ஆண்டுதோறும் உயிர்ச் சான்று அனுப்பினால் போதும். இரண்டாவது வராது. இந்தியாவிலும் வேலை பார்த்தவர்களுக்கு, 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய-பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இரு நாட்டுப் பணிக்காலத்தையும் பென்சன் தகுதிக்குச் சேர்த்துக் கணக்கிட வழி செய்கிறது. இதைக் கேட்டுப் பெற வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகளைத் தள்ளிப் போடாமல் தூதரகத்தின் வழியே நாந்த் நகரிலுள்ள மையப் பதிவகத்தில் ஏற்றிவிடுவதும் அவசரம்.

வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசகர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள். ஆசியாவை உள்ளடக்கிய 11-ஆம் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினரும் இருக்கிறார். 2027 அதிபர் தேர்தலுக்கு முன்பே, ஒன்பது மாத விதியை மீண்டும் ஆறு மாதமாக்குவதையும், 1962 ஒப்பந்தக் குடும்பங்களுக்கு 30-3 பிரிவிலிருந்து விலக்கு அளிப்பதையும் எழுத்து வடிவில் கேட்டு வேட்பாளர்களிடம் பதில் வாங்குவது இவர்களின் கடமை.

புதுச்சேரி அரசு செய்யக்கூடியது கையருகே இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் வீட்டை அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்கும்போது, பத்திரப் பதிவுக்கு முன் அந்த உரிமையாளரிடம் காணொலி வழியே நேரடியாக உறுதி கேட்க வேண்டும் என்று பதிவுத் துறை விதி செய்யலாம். உரிமையாளர் தன் சொத்து எண்ணோடு கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து வைத்தால், அந்தச் சொத்தின் மீது எந்தப் பத்திரம் தாக்கலானாலும் உடனே அவருக்குத் தகவல் போகும்படியும் செய்யலாம். பென்சன், ஓசிஐ, சொத்து ஆகிய மூன்றுக்கும் வழிகாட்ட, தமிழும் பிரெஞ்சும் தெரிந்த இரண்டு அலுவலர்களோடு ஒரு உதவி மையத்தை, இவர்கள் அதிகம் ஊர் வரும் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிட முடியும்.